இரண்டாவது பிரசவத்தோடு ஆபரேஷன்

தமிழ்நாட்டுக் கிராமங்களில் மணமான பெண்களுக்குக் கருத்தடை என்றால் பெரும்பாலும் ஒன்றுதான்: குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன். 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, மாநிலத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களில் ஏறக்குறைய 69 சதவீதம் பேரின் குடும்பங்களில் ஏதாவதொரு கருத்தடை முறை நடப்பில் இருக்கிறது. மணமான பெண்கள் அனைவரிலும் 58 சதவீதம் பேர் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். ஆண்கள் செய்துகொள்ளும் வாசக்டமியின் பங்கு 0.1 சதவீதம். மாத்திரை, ஆணுறை, காப்பர்-டி, ஊசி எல்லாவற்றையும் கூட்டினாலும் பத்தைத் தொடவில்லை. எத்தனை குழந்தை என்ற கேள்விக்கு இந்தப் பெண்கள் என்றோ விடை கண்டுவிட்டார்கள். எப்போது பெறுவது, எவ்வளவு இடைவெளி விடுவது என்பவைதான் இன்னும் அவர்கள் கைக்கு வரவில்லை.

அறியாமையால் வந்த நிலைமை அல்ல இது. ஒரு கருத்தடை முறையைக்கூடக் கேள்விப்படாத மணமான பெண்ணை இன்று இந்தியக் கிராமங்களில் தேடித்தான் பிடிக்க வேண்டும். படிப்பு ஏற ஏறக் கருத்தடையும் ஏறும் என்பது உலகமெங்கும் சொல்லப்படும் விதி. இந்தியாவில் அது பாதிதான் பொருந்துகிறது. பள்ளிக்கூடத்தை எட்டிப் பார்க்காத பெண்களிடம் ஆபரேஷன் அதிகம், படித்தவர்களிடம் ஆணுறையும் மாத்திரையும் அதிகம். படிக்காதவர்களில் வயது கூடியவர்கள் நிறையப் பேர் என்பது இதற்கு ஒரு காரணம். ஆனால் அது மட்டுமே காரணமில்லை. கிர்ஸ்டி மெக்நே, பெரியநாயகம் ஆரோக்கியசாமி, ராபர்ட் கேசன் ஆகிய மூவரும் 2003இல் வெளியிட்ட ஆய்வு, படிக்காத இந்தியப் பெண்கள் ஏன் கருத்தடைக்கு வந்தார்கள் என்பதையே கேள்வியாக எடுத்துக்கொண்டது. சுற்றியிருக்கும் படித்த பெண்களைப் பார்த்தும், ஊடகங்கள் வழியாகவும், தன் பிள்ளையைப் படிக்கவைக்க வேண்டும் என்ற எண்ணத்தாலும் அந்தப் பழக்கம் அவர்களிடம் பரவியது என்று அது காட்டியது. களையெடுக்கப் போகும் பெண் தன் மகளைக் கல்லூரிக்கு அனுப்பக் கணக்குப் போடும்போதே குடும்பத்தின் அளவும் முடிவாகிவிடுகிறது.

பிறந்த குழந்தை பிழைக்கும் என்ற நம்பிக்கை வந்த பிறகுதான் இந்தக் கணக்குக்கே இடம் ஏற்பட்டது. 1970களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டில் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் நூறுக்கும் மேல் ஒரு வயதுக்குள் இறந்தன. 2020இல் அந்த எண்ணிக்கை 13. நான்கு பெற்றால் இரண்டு தங்கும் என்று இருந்த காலத்தில் இரண்டோடு நிறுத்தச் சொல்வது குரூரமான அறிவுரை. தடுப்பூசியும், மருத்துவமனைப் பிரசவமும், 1982இல் விரிவாக்கப்பட்ட சத்துணவும் சேர்ந்து அந்தப் பயத்தைக் கரைத்தன. 1993 வாக்கிலேயே தமிழ்நாட்டின் சராசரி, ஒரு பெண்ணுக்கு இரண்டு குழந்தை என்ற அளவுக்கு இறங்கிவிட்டது. பீகாரில் 2019–21இல்கூட அது மூன்றாக இருந்தது.

ஆபரேஷன் மட்டும் இப்படி மேலோங்கியதற்கு அரசின் திட்டம் நடந்து வந்த பாதைதான் முதல் காரணம். சுதந்திரத்துக்கு முன்பே பெரியார் கர்ப்பத்தடையை வலியுறுத்தினார். மற்றவர்கள் நாட்டின் வறுமையையும் தாயின் உடல்நலத்தையும் காரணமாகச் சொன்னபோது, பெண்ணின் விடுதலைக்காகவே அது வேண்டும் என்றார் அவர். அரசு வேறு காரணத்தைத்தான் எடுத்துக்கொண்டது. 1952இல் தொடங்கிய தேசியத் திட்டத்துக்கு மக்கள்தொகைதான் கவலை. 1951 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஆர்.ஏ.கோபாலசுவாமி பின்னர் சென்னை மாநிலத்தின் தலைமைச் செயலாளரானார். அறுவை சிகிச்சையே உறுதியான வழி என்று நம்பியவர் அவர். 1950களின் பிற்பகுதியில், செய்துகொள்பவர்களுக்குப் பணம் கொடுத்து ஆபரேஷனை ஊக்குவிப்பதில் சென்னை மாநிலம் நாட்டுக்கே முன்னோடியாக இருந்தது. அன்று ஆபரேஷன் செய்துகொண்டவர்களில் பெரும்பாலோர் ஆண்கள் என்பதை இன்றைய தலைமுறை நம்பவே தயங்கும்.

நெருக்கடி நிலைக் காலம் அதைத் தலைகீழாக்கியது. 1976–77 என்ற ஒரே ஆண்டில் நாடு முழுவதும் 80 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு ஆபரேஷன் நடந்தது. அவர்களில் 60 லட்சத்துக்கும் மேல் ஆண்கள். வட மாநிலங்களில் நடந்த பலவந்தம் ஆட்சியையே கவிழ்த்தது. அதற்குப் பிறகு எந்த அரசும் ஆண்கள் பக்கம் திரும்பத் துணியவில்லை. இத்தனை ஆபரேஷன் நடக்க வேண்டும் என்ற இலக்கு அப்படியே இருந்தது, ஆள் மட்டும் மாறினார். அந்தச் சுமையை வாக்குச் சாவடியில் பழிதீர்க்க மாட்டார்கள் என்று கருதப்பட்ட பெண்களின் தலையில் ஏற்றினார்கள். 1996 ஏப்ரலில் இலக்கு முறை கைவிடப்பட்டாலும், கிராமச் செவிலியர் முதல் மாவட்ட மருத்துவமனை வரை இருபது ஆண்டுகளில் ஊறிய பழக்கம் ஓர் ஆணையால் போய்விடவில்லை.

இந்தச் சூழலுக்குள் வாழ்க்கைப்பட்டு வரும் பெண்ணின் பக்கமிருந்து பார்த்தால் காரணங்கள் இன்னும் தெளிவாகும். கல்யாணமாகி மூன்று மாதம் ஆவதற்குள் “ஏதாவது விசேஷம் உண்டா?” என்று கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். கோயிலில் கேட்பார்கள், குழாயடியில் கேட்பார்கள், போனில் கேட்பார்கள். ஓர் ஆண்டு கடந்துவிட்டால் கேள்வியின் தொனியே மாறும். மலடி என்ற சொல் காதில் விழுந்துவிடுமோ என்ற பயத்தை எந்தக் கருத்தடைப் பிரசாரமும் இதுவரை தொட்டதில்லை. மாத்திரை சாப்பிட்டால் கர்ப்பப்பை கெட்டுவிடும் என்ற நம்பிக்கையும் இதோடு சேர்ந்துகொள்கிறது. மாத்திரையை நிறுத்தியதும் கருத்தரிக்கும் ஆற்றல் திரும்பிவிடும் என்பதுதான் மருத்துவ உண்மை. ஆனாலும் முதல் குழந்தைக்கு முன் கருத்தடை என்பது கிராமத்தில் அநேகமாகக் கிடையாது. 19 வயதில் மணமான பெண் 20 வயதில் தாயாகிறாள்.

அடுத்து வருவது தலைப்பிரசவம். வளைகாப்பு முடிந்து தாய்வீடு போகும் பெண் குழந்தையோடு மூன்று மாதமோ ஐந்து மாதமோ அங்கேயே இருப்பாள். கணவர் வந்து பார்த்துவிட்டுப் போவார். பெரியவர்கள் வகுத்த இந்த ஏற்பாடே ஓர் இடைவெளி முறைதான். திரும்பி வரும்போது அந்தப் பாதுகாப்பு முடிந்துவிடுகிறது. பதிலுக்கு வேறொன்று கையில் இருப்பதில்லை. பால் கொடுக்கும்வரை கரு நிற்காது, மாதவிலக்கு வராதவரை பயமில்லை என்று மூத்த பெண்கள் சொல்வார்கள். அதில் பாதி உண்மை. முதல் ஆறு மாதத்துக்கு, தாய்ப்பால் தவிர வேறு எதுவும் கொடுக்காமல், மாதவிலக்கும் திரும்பாமல் இருந்தால்தான் அந்தப் பாதுகாப்பு உண்டு. மூன்றில் ஒன்று தவறினாலும் போயிற்று. மாதவிலக்கு திரும்புவதற்கு முன்பே கருமுட்டை வெளியாகிவிடும் என்பதால், சிலருக்கு இரண்டாவது கர்ப்பம் தெரியவருவதே நான்காம் மாதத்தில்தான். பேறுகாலத்தில் பெண்ணைச் சுற்றி இத்தனை பேர் இருந்தும், இந்த மூன்று நிபந்தனைகளை அவளுக்கு யாரும் எடுத்துச் சொல்லியிருக்க மாட்டார்கள். கருத்தடைச் சேவையின் மிகப் பெரிய ஓட்டை இந்த இடத்தில்தான் இருக்கிறது.

பிரசவ வார்டிலேயே காப்பர்-டி பொருத்தும் முறை 2010 முதல் நாடெங்கும் பரப்பப்பட்டது இந்த ஓட்டையை அடைக்கத்தான். நஞ்சுக்கொடி வெளிவந்த பத்து நிமிடத்துக்குள்ளோ, 48 மணி நேரத்துக்குள்ளோ அதைப் பொருத்திவிடலாம். வேண்டாம் என்றால் எப்போது வேண்டுமானாலும் எடுத்துவிடலாம். பொருத்தும் முன் பெண்ணிடம் கேட்டார்களா என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. கர்ப்ப காலப் பரிசோதனைகளின்போதே நிதானமாகப் பேசி முடிவெடுத்திருக்க வேண்டிய விஷயம் அது. வலியின் நடுவில் நீட்டிய தாளில் கையெழுத்து வாங்கினால் அது சம்மதம் ஆகாது. அப்படிப் பொருத்தியதைப் பல பெண்கள் ஊருக்குப் போனதும் எடுத்துவிடுகிறார்கள். அதைவிட மோசம், அவர்கள் பத்துப் பேரிடம் சொல்லும் கதை.

காப்பர்-டி பற்றிக் கிராமங்களில் உலவும் பயங்கள் பல. மேலே ஏறி நெஞ்சுக்குப் போய்விடும் என்பார்கள். குடலில் குத்தும், துரு பிடிக்கும் என்பார்கள். கர்ப்பப்பையைவிட்டு அது நெஞ்சுக்கு ஏற வழியே கிடையாது. மிக அரிதாகக் கர்ப்பப்பைச் சுவரைத் துளைப்பது உண்டு, அவ்வளவுதான். ஆனால் “ரத்தம் நிறையப் போகுது” என்று ஒரு பெண் சொன்னால் அதை மூடநம்பிக்கை என்று தள்ளக் கூடாது. காப்பர்-டி பொருத்திய முதல் சில மாதங்களில் மாதவிலக்குப் போக்கும் வலியும் கூடுவது பாடப்புத்தகத்திலேயே உள்ள பக்கவிளைவு. தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ரத்தசோகை உள்ளவர்கள். வெயிலில் நாற்று நடும் ஒரு பெண்ணுக்கு மாதத்தில் ஏழெட்டு நாள் போக்கு என்பது கூலி போகும் கணக்கு; துணி மாற்ற மறைவிடம் இல்லாத வயலில் அது அவமானமும்கூட. நாடு முழுவதும் நவீன முறைகளைப் பயன்படுத்துவோரில் ஏறக்குறைய 62 சதவீதம் பேரிடம்தான் பக்கவிளைவுகளைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள் என்கிறது ஐந்தாவது குடும்பநல ஆய்வு. மீதிப் பேருக்கு உடம்பில் நடக்கும் ஒவ்வொரு மாற்றமும் ஆபத்தாகத்தான் தெரியும்.

முடிவு யார் கையில் என்ற கேள்விக்கு வீட்டுக்கு வீடு விடை மாறும். மாமியார் ஆபரேஷனை எதிர்ப்பவர் என்பது பழைய படம். தானே ஆபரேஷன் செய்துகொண்ட தலைமுறையைச் சேர்ந்தவர்கள்தான் இன்றைய மாமியார்கள். “ரெண்டு போதும், இதோடயே பண்ணிரு” என்று அழைத்துப் போவதும், ஆபரேஷனுக்குப் பிறகு கஞ்சி வைத்துக் கொடுப்பதும், மூத்த குழந்தையைப் பார்த்துக்கொள்வதும் அவர்கள்தான். மாத்திரைக்கும் ஊசிக்கும்தான் அவர்களிடம் இடமில்லை, ஏனென்றால் அவர்கள் அவற்றை அனுபவித்ததில்லை. வட இந்தியாவில் நிலைமை இன்னும் இறுக்கம். உத்தரப்பிரதேசத்தின் ஜான்பூர் மாவட்டக் கிராமங்களில் 2018இல் இளம் மணமான பெண்களிடம் நடத்திய ஆய்வு, மாமியாரோடு ஒரே வீட்டில் வாழும் பெண்களுக்கு வெளியில் நெருக்கமான தோழிகள் குறைவு என்றும், அதனால் அவர்கள் கருத்தடைச் சேவையை நாடிப் போவதும் குறைகிறது என்றும் கண்டது. பேச ஒரு தோழி இருப்பது கருத்தடையில் இவ்வளவு பெரிய காரணி.

கணவர்களோ விலகி நிற்கிறார்கள். கருத்தடை பெண்கள் விவகாரம், ஆண் அதைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை என்ற கூற்றை ஐந்தாவது குடும்பநல ஆய்வில் இந்திய ஆண்களில் 35 சதவீதம் பேர் ஒப்புக்கொண்டார்கள். வாசக்டமி செய்தால் ஆண்மை போய்விடும், பாரம் தூக்க முடியாது என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. 1998 முதல் இந்தியாவில் பரப்பப்படும் கத்தியில்லா வாசக்டமியில் தையல் கிடையாது. வயிற்றைத் திறக்கும் வேலையும் இல்லை. சில நிமிடங்களில் முடிந்து அன்றே வீடு திரும்பலாம். பெண்களுக்கான ஆபரேஷனைவிட அது எளிது, ஆபத்தும் குறைவு. அரசு தரும் ஊக்கத்தொகையும் ஆண்களுக்கே அதிகம். இருந்தும் ‘சம்பாதிக்கிற உடம்பு’ என்று சொல்லி ஆணைக் காப்பாற்றிவிடுகிறார்கள். அந்த வீட்டில் பெண்ணும் நூறு நாள் வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிறாள், அவள் உடம்பும் சம்பாதிக்கிற உடம்புதான். பெண்ணின் ஆபரேஷனுக்குக் கணவரின் கையெழுத்து தேவையில்லை என்று மத்திய அரசின் வழிகாட்டுதல் சொல்கிறது. பல இடங்களில் இன்னும் அதைக் கேட்டு வாங்குகிறார்கள்.

ஆண் பிள்ளை வேண்டும் என்ற ஆசையும் இந்தக் கணக்கில் உண்டு. இரண்டும் பெண்ணாக இருந்தால் ஆபரேஷன் தள்ளிப்போகும். ஒன்றாவது ஆணாக இருந்தால் உடனே நடக்கும். சேலம் பகுதியில் பெண் சிசுக்கொலை பெரும் செய்தியான பிறகு, 1992இல் தமிழக அரசு பெண் குழந்தைப் பாதுகாப்புத் திட்டத்தைத் தொடங்கியது. ஆண் பிள்ளை இல்லாமல் ஒன்றோ இரண்டோ பெண் குழந்தைகளோடு பெற்றோரில் ஒருவர் ஆபரேஷன் செய்துகொண்டால், குழந்தையின் பெயரில் அரசு வைப்புத்தொகை போடும். பெண் குழந்தையைக் காக்க வந்த திட்டமும் கடைசியில் ஆபரேஷன் சான்றிதழைத்தான் கேட்கிறது.

சேவை எங்கே, எப்படிக் கிடைக்கிறது என்பது மற்றவை எல்லாவற்றையும்விட வலுவான காரணி. சமவெளியில் ஏறக்குறைய 5000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், அங்கே ஒரு கிராம சுகாதாரச் செவிலியர் என்பது தமிழ்நாட்டின் பெரிய பலம். தகுதியுள்ள தம்பதிகளின் பதிவேடு அவரிடம் இருக்கும். எந்த வீட்டில் யார் எத்தனை மாதம், யாருக்கு எத்தனை குழந்தை, யார் இன்னும் ஆபரேஷன் செய்யவில்லை என்பது அவருக்கு மனப்பாடம். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்துக்குப் பதிவதும், தடுப்பூசிக்கு அழைப்பதும் அவரே. ஊர்ப் பெண்களோடு இவ்வளவு நெருக்கமான அரசு ஊழியர் வேறு யாருமில்லை. ஆனால் அவர் நடந்து நடந்து சேர்க்கும் இந்த நம்பிக்கை, பிரசவ வார்டில் ஆபரேஷனாக முடிவதற்கே பெரும்பாலும் பயன்படுகிறது. மாநிலத்தில் பிரசவங்களில் ஏறக்குறைய 45 சதவீதம் சிசேரியன். இரண்டாவதும் சிசேரியன் என்றால், வயிற்றைத் திறந்த கையோடு கருக்குழாயையும் கட்டிவிடுவது மருத்துவருக்கும் வசதி, வீட்டுக்கும் வசதி. இன்னொரு முறை வேலையை விட்டுவிட்டு மருத்துவமனையில் கிடக்க வேண்டாம் என்று அந்தப் பெண்ணும் தலையாட்டுகிறாள். அவள் நிலைமையில் அது நியாயமான முடிவும்கூட.

இடைவெளி முறைகளைத் தேடிப் போகிறவளுக்குத்தான் வழி கரடுமுரடு. ஊர் மருந்துக் கடையில் நிற்பவர் பங்காளி முறையாக இருப்பார், அல்லது பக்கத்துத் தெருக்காரராக இருப்பார். அவரிடம் ஒரு பெண் ஆணுறை கேட்பது நடக்காத காரியம். கணவரும் நான்கு கிலோமீட்டர் தள்ளிப் பேருந்து நிலையக் கடைக்குப் போய், ஆள் இல்லாத நேரம் பார்த்து, செய்தித்தாளில் சுற்றித்தான் வாங்குவார். உறவுக்குப் பின் 72 மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டிய அவசரக் கருத்தடை மாத்திரைக்கு 2005 முதல் மருந்துச் சீட்டே தேவையில்லை. தமிழ்நாட்டின் பெரும்பாலான கடைகளில் பல ஆண்டுகளாக அது கிடைப்பதும் இல்லை. வேண்டாத கர்ப்பம் இதனால் நின்றுவிடவில்லை. 2015இல் இந்தியாவில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட கருக்கலைப்புகள் நடந்தன என்றும், கர்ப்பங்களில் ஏறக்குறைய பாதி திட்டமிடாதவை என்றும் ஒரு பெரிய ஆய்வு கணக்கிட்டது. அந்தக் கலைப்புகளில் பெரும்பகுதி மருத்துவமனைக்கு வெளியே, கருக்கலைப்பு மாத்திரை வாங்கிச் சாப்பிட்டு நடந்தவை.

வெளியூர், வெளிநாட்டு வேலையும் கருத்தடையின் தேவையை மாற்றுகிறது. ராமநாதபுரத்திலோ புதுக்கோட்டையிலோ கணவர் வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் வீடுகளில், தினமும் மாத்திரை சாப்பிட அந்தப் பெண்ணுக்குக் காரணமே இல்லை. சாப்பிடுவது தெரிந்தால் சந்தேகத்துக்குத்தான் இடம். அவர் விடுப்பில் வரும் நாள்களில் திடீரென்று தேவை எழும். நாமக்கல் பக்கம் லாரி ஓட்டுநர்களின் மனைவியருக்கும் இதே கதைதான். அவ்வப்போது வரும் தேவைக்கு ஆணுறை பொருந்தும், ஆனால் அதைக் கேட்க வேண்டியவள் பெண், எடுக்க வேண்டியவர் கணவர்.

இளம் வயதிலேயே நிரந்தர முறை என்பதன் விலை பிறகுதான் தெரியும். இந்தியப் பெண்கள் ஆபரேஷன் செய்துகொள்ளும் இடைநிலை வயது 25, 26 வாக்கில் நிற்கிறது. அதற்குப் பின் இருபது ஆண்டுக்கு மேல் வாழ்க்கை பாக்கி. 2004 டிசம்பர் சுனாமியில் நாகப்பட்டினம் கடற்கரையில் குழந்தைகளைப் பறிகொடுத்த தாய்மாரில் பலர் ஏற்கெனவே ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். கட்டிய கருக்குழாயை மீண்டும் இணைக்கும் அறுவை சிகிச்சையை அரசு இலவசமாக ஏற்பாடு செய்தது. ஆனால் எல்லோருக்கும் அது பலிக்காது. ஆபரேஷனையே அவசரமாக நடத்தினால் என்னவாகும் என்பதை 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் முகாம் காட்டியது. சில மணி நேரத்தில் 83 பெண்களுக்கு ஆபரேஷன் நடந்தது. பத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் மூன்று ஆண்டுகளுக்குள் இத்தகைய முகாம்களை நிறுத்தும்படி உத்தரவிட்டது.

ஏழை கிராமப்புறத்தில் இடைவெளி முறைகள் எடுபடாது என்ற வாதத்துக்கு வங்கதேசம் நல்ல பதில். 1977 அக்டோபரில் மத்லாப் பகுதிக் கிராமங்களில் ஒரு சோதனைத் திட்டம் தொடங்கியது. உள்ளூர்ப் பெண்களையே பணியாளர்களாக எடுத்து, வீட்டுக்கே போய் மாத்திரையும் ஆணுறையும் ஊசியும் கொடுத்து, பக்கவிளைவு என்றால் மறுபடி போய்ப் பார்க்கச் சொன்னார்கள். நூற்றுக்குப் பத்துப் பேர்கூடப் பயன்படுத்தாத இடத்தில் இரண்டே ஆண்டுக்குள் மூன்றில் ஒரு பங்குத் தம்பதிகள் கருத்தடைக்கு வந்தார்கள். பெண்கள் தனியாக வெளியே போக முடியாத ஊர், படிப்பறிவு குறைவு, வறுமை, எல்லாம் அங்கேயும் இருந்தன. இன்றும் வங்கதேசத்தில் முதலிடம் மாத்திரைக்குத்தான்.

இந்தியாவில் 2017இல் அரசு மருத்துவமனைகள் வழியாக இரண்டு புதிய முறைகள் வந்தன. ஒன்று அந்தரா என்ற ஊசி. மூன்று மாதத்துக்கு ஒன்று போட்டால் போதும். மற்றது சாயா என்ற மாத்திரை. லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியது, ஹார்மோன் கலக்காதது. முதல் மூன்று மாதம் வாரத்துக்கு இரண்டு, அதன்பின் வாரத்துக்கு ஒன்று. பால் கொடுக்கும் தாய்மாரும் சாப்பிடலாம். வீட்டில் மறைத்து வைக்க எதுவும் இல்லாத ஊசி, வீட்டாரிடம் கேட்டுச் செய்ய முடியாத பெண்களுக்கு மிகவும் பொருந்தும். ஆனால் முதல் ஊசிக்குப் பிறகு மாதவிலக்கு தாறுமாறாகும், சிலருக்கு நின்றேவிடும். முன்கூட்டிச் சொல்லப்படாத பெண், கர்ப்பம் தரித்துவிட்டதோ கெட்ட ரத்தம் உள்ளே தங்கிவிட்டதோ என்று பயந்து இரண்டாவது ஊசிக்கு வருவதில்லை. சொல்லி அனுப்பப்பட்ட பெண்கள் தொடர்கிறார்கள் என்பதைப் பல நாடுகளின் அனுபவம் உறுதிப்படுத்துகிறது. ஊசியை நிறுத்திய பிறகு மீண்டும் கருத்தரிக்க ஏழு முதல் பத்து மாதம்வரை ஆகலாம் என்பதும் முதலிலேயே சொல்ல வேண்டியது. அடுத்த ஊசிக்கான தேதி அட்டையில் எழுதித் தரப்படும். தேதி தாண்டினாலும் நான்கு வாரத்துக்குள் போட்டுக்கொண்டால் பாதுகாப்பு தொடரும்.